எட்டே எட்டு இணைப்புகள்: கலாசிபாளையத்து லாரி ஆபீஸில் டாம்கேட் உறைந்துபோன கதை

பெங்களூரு கலாசிபாளையத்தில் லாரி புக்கிங் ஆபீஸ்கள் வரிசையாக நிற்கும் தெருக்களில் மாலை ஆறு மணிக்கு மேல் ஆள் நடக்க இடம் இருக்காது. பகலில் கனரக வாகனங்களுக்கு நகருக்குள் நேரக் கட்டுப்பாடு உண்டு. அதனால் சரக்கு ஏற்றுவதும் எல்.ஆர். எனப்படும் லாரி ரசீது போடுவதும் லாரியைக் கிளப்புவதும் இரவை ஒட்டியே நடக்கின்றன. ஒன்பது மணிக்குள் கிளம்பிய லாரி அத்திப்பள்ளியைத் தாண்டி ஓசூர் வழியாக விடிவதற்குள் நாமக்கல் சேர்ந்துவிடும். பதினொரு மணிக்குக் கிளம்பினால் மறுநாள் கணக்கே மாறிவிடும்.

இந்த ஆய்வு, நாமக்கல்காரர்கள் நடத்தும் அப்படிப்பட்ட ஒரு சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தைப் பற்றியது. பெயர் வேண்டாம். கலாசிபாளையத்தில் தலைமை ஆபீஸ், ஓசூர், சேலம், திருப்பூர், கோவையில் கிளைகள், மொத்தம் நாற்பத்தைந்து பேர் புக்கிங் வேலையில். எல்.ஆர். போடுவது, சரக்குக்கான ஜிஎஸ்டி மின்சீட்டான இ-வே பில் எடுப்பது, பாக்கி வசூல் கணக்கு எல்லாமே ஒரே ஜாவா வலைச் செயலியில் ஓடின. அதை எழுதியவர் பல ஆண்டுகளுக்கு முன்பே வேலையை விட்டுப் போய்விட்டார். செயலி மட்டும் யாரும் தொடாமல் ஓடிக்கொண்டிருந்தது.

ஜாவா வலைச் செயலிகளைத் தாங்கி ஓட்டும் சர்வர் மென்பொருள் டாம்கேட். ஒரு சனிக்கிழமை இரவு செயலியைப் பழைய டாம்கேட் 7-இலிருந்து டாம்கேட் 9-க்கு மாற்றினார்கள். திங்கள் மாலை 6.50-க்கு அது உறைந்தது.

மாற்றியதற்குக் காரணம் இருந்தது

டாம்கேட் 7-க்கான ஆதரவை அப்பாச்சி அமைப்பு 2021 மார்ச் 31-உடன் நிறுத்திவிட்டது. அதன்பின் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவதில்லை. பெரிய வாடிக்கையாளர் ஒருவரின் தணிக்கைக்காரர்கள் இதைப் பிடித்துக்கொண்டு, மாற்றினால்தான் ஒப்பந்தம் என்றார்கள். நியாயமான கேள்விதான்.

டாம்கேட் 10-க்குப் போகாமல் 9-இல் நின்றதும் சரியான முடிவு. 10-இல் ‘ஜாவாக்ஸ்’ என்று தொடங்கிய சர்வ்லெட் தொகுப்புப் பெயர்கள் எல்லாம் ‘ஜகார்த்தா’ ஆகிவிட்டன. பழைய செயலியை அப்படியே போட்டால் ஓடாது. ஜாவாவையும் 8-லேயே வைத்தார்கள். 11-இல் எக்ஸ்எம்எல் கையாளும் ஜாக்ஸ்பி நூலகம் ஜாவாவுடன் வருவதில்லை. இந்தச் செயலி அதை நம்பியிருந்தது. ஆக, செயலி அதே, தரவுத்தளம் அதே போஸ்ட்கிரெஸ். மாறியது நடுவிலிருந்த டாம்கேட் மட்டும். ஞாயிற்றுக்கிழமை நான்கைந்து எல்.ஆர். போட்டுப் பார்த்தார்கள், எல்லாம் வந்தது.

வேலையைச் செய்தவர் அங்கிருக்கும் இளைஞர், திருவண்ணாமலைக்காரர். கெட்டிக்காரர். இந்தக் கதையில் அவர் செய்த தவறுகளை நானும் வேறு வேறு ஊர்களில் செய்திருக்கிறேன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

இரண்டு இரவுகளின் கைவைத்தியம்

திங்கள் மாலை திரை சுற்றிக்கொண்டே நின்றது. டாம்கேட்டை நிறுத்தி மீண்டும் ஓடவிட்டார்கள். உடனே சரியாயிற்று. எட்டு மணிக்கு மேல் மறுபடியும் நின்றது. மறுபடியும் அதே மருந்து. அன்றிரவு மூன்று முறை.

நினைவகம் போதவில்லை என்பது முதல் ஊகம். ஜாவா என்றாலே முதலில் நினைவகத்தைத்தான் சந்தேகிக்கிறோம். வீட்டில் எது காணாமல் போனாலும் வேலைக்காரரைச் சந்தேகிப்பது போல. 2 ஜிபி ஹீப்பை, அதாவது ஜாவாவுக்கு ஒதுக்கிய நினைவகத்தை, 4 ஜிபி ஆக்கினார்கள். செவ்வாய் மாலை அதே 6.50 வாக்கில் நின்றது.

அடுத்தது திரெட் எண்ணிக்கை. திரெட் என்பது ஒரு கோரிக்கையைக் கவனிக்கும் வேலையாள் மாதிரி. டாம்கேட்டில் ஒரு நேரத்தில் எத்தனை கோரிக்கைகளுக்குப் பதில் சொல்லலாம் என்பதை ‘மேக்ஸ்திரெட்ஸ்’ தீர்மானிக்கிறது. இயல்பு மதிப்பு 200. அதை 600 ஆக்கினார்கள். இதில் ஒரு சின்ன ஏமாற்றம் நடந்தது. முன்பு உறையும்போது உள்நுழைவுப் பக்கம்கூட வராது. இப்போது அந்தப் பக்கம் வந்தது, அதற்கு அப்பால்தான் எதுவும் நகரவில்லை. பாதி சரியாகிவிட்டது என்று நினைத்தார்கள். உண்மையில் சில்க் போர்டு சந்திப்பில் சிக்னலை விட்டுவிட்டு அதற்கு முன்னால் இருக்கும் சாலையை மட்டும் மூன்று மடங்கு அகலமாக்கியது போன்ற வேலை அது. வண்டிகள் நிற்க இன்னும் இடம் கிடைத்தது.

மூன்றாவது, டாம்கேட்டுக்கு முன்னால் நின்று கோரிக்கைகளை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ். பின்னாலிருந்து பதில் வரவில்லையென்றால் அது இயல்பாக 60 விநாடி பொறுத்து 504 பிழையைக் காட்டும். அந்தப் பொறுமையை 300 விநாடி ஆக்கினார்கள். இதனால் புக்கிங் மேசையில் இருந்தவர்கள் ஒரு நிமிடத்தில் பார்த்த பிழையை ஐந்து நிமிடம் காத்திருந்து பார்த்தார்கள்.

செவ்வாய் நள்ளிரவில் இளைஞருக்குச் சரியான இடத்திலேயே சந்தேகம் தட்டியிருக்கிறது. தரவுத்தள இணைப்புகள் தீர்ந்துபோகின்றனவோ என்று நினைத்து, செயலிக்குள் இருக்கும் கான்டெக்ஸ்ட் என்ற அமைப்புக் கோப்பில் ‘மேக்ஸ்ஆக்டிவ்’ என்ற எண்ணை 60-இலிருந்து 100 ஆக்கியிருக்கிறார். ஒன்றும் மாறவில்லை. ஆகவே இணைப்புகள் காரணமில்லை என்று அதை ஒதுக்கிவிட்டார். இந்த முடிவுக்குப் பிறகு வருகிறேன், ஏனெனில் இந்த வழக்கின் சுவாரசியமே அதில்தான் இருக்கிறது.

புதன் மாலை: இரண்டு நிமிடம் கொடுங்கள்

என்னை அழைத்தது புதன்கிழமை. போனதும் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: அடுத்த முறை நின்றால் எனக்கு இரண்டு நிமிடம் வேண்டும், அதுவரை யாரும் நிறுத்தி ஓடவிடக் கூடாது. கேட்க எளிது. வெளியே நான்கு லாரிகள் என்ஜினை அணைக்காமல் நிற்கும்போது இரண்டு நிமிடம் என்பது பெரிய தொகை.

ஆபீஸின் கணக்குப்பிள்ளை அறுபது வயதைத் தாண்டியவர், முதலாளியின் தந்தை காலத்திலிருந்து இருப்பவர். “தம்பி, மூன்று நாளாக நாங்கள் இதை நிறுத்தி நிறுத்தித்தான் பிழைப்பை ஓட்டுகிறோம். நீங்கள் வந்து அதையும் கூடாது என்கிறீர்களே” என்றார்.

“ஐயா, நின்றுபோன நிலையில் பார்த்தால்தான் எதற்காக நின்றது என்று தெரியும். நிறுத்தி ஓடவிட்டால் தடயமெல்லாம் கழுவப்பட்டுவிடும்” என்றேன். அவர் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “சரி, இரண்டு நிமிடம்” என்றார். அவர் உண்மையிலேயே எண்ணுவார் என்று முகத்திலேயே தெரிந்தது.

7.20-க்கு நின்றது.

முதலில் ஜாவாவின் குப்பை அகற்றும் வேலையைப் பார்த்தேன். ஹீப்பில் கால் பங்குகூட நிரம்பவில்லை. நினைவகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. செயலியின் சிபியூ பயன்பாடு சுழியை ஒட்டி இருந்தது. இது முக்கியமான குறி. வேலை அதிகமாகித் திணறும் சர்வர் சூடாக இருக்கும். இது சும்மா உட்கார்ந்திருந்தது, எதற்காகவோ காத்துக்கொண்டு.

எதற்காக என்பதை அறியத்தான் திரெட் டம்ப். ஒவ்வொரு திரெட்டும் அந்த நொடியில் எந்த வரியில் நிற்கிறது என்று ஜாவாவையே சொல்லச் செய்யும் வழி அது. ‘ஜேஸ்டாக்’ கட்டளையை ரூட் பயனராக ஓட்டினோம், மறுத்துவிட்டது. டாம்கேட் எந்தப் பயனரின் பெயரில் ஓடுகிறதோ அந்தப் பெயரில்தான் ஓட்ட வேண்டும். அதைத் தேடிக்கொண்டிருக்க நேரமில்லை. ‘கில் -3’ கொடுக்கச் சொன்னேன். இளைஞரின் விரல் நின்றுவிட்டது. “அண்ணா, கில் என்றால் போய்விடாதா?” பெயர்தான் அப்படி; 3 என்ற சமிக்ஞை ஜாவாவைக் கொல்லாது, எல்லாத் திரெட்டுகளின் நிலையையும் அதன் வெளியீட்டுக் கோப்பில் கொட்டச் சொல்லும். டாம்கேட்டில் அது ‘கேட்டலினா.அவுட்’ கோப்பில் போய் விழும். பத்து விநாடி இடைவெளியில் மூன்று முறை எடுத்தோம். ஒரே ஒரு டம்ப் புகைப்படம் மாதிரி. ஓடுகிறவனும் அதில் நிற்பதாகத்தான் தெரியும். மூன்றிலும் அதே வரியில் நிற்பவன்தான் உண்மையாகவே நிற்கிறான்.

கணக்குப்பிள்ளையின் இரண்டு நிமிடம் முடிய இருபது விநாடி இருந்தது. நிறுத்தி ஓடவிடச் சொன்னேன். புக்கிங் நகர்ந்தது. நாங்கள் உட்கார்ந்து படித்தோம்.

கோரிக்கைகளைக் கையாளும் திரெட்டுகள் 214 இருந்தன. அவற்றில் 209 மூன்று டம்ப்களிலும் ஒரே இடத்தில் நின்றன. கீழிருந்து மேலாகப் படித்தால் கதை இப்படிப் போகிறது: செயலி ‘கெட்கனெக்‌ஷன்’ என்று தரவுத்தள இணைப்பு கேட்கிறது, அது பூலின் (இணைப்புகளைத் திறந்து வைத்து இரவல் தரும் தொகுப்பின்) ‘பாரோஆப்ஜெக்ட்’ வழியே இரவல் கேட்கிறது, பூலில் ஒன்றும் இல்லாததால் ‘டேக்ஃபர்ஸ்ட்’ என்ற இடத்தில் நின்றுவிடுகிறது.

அந்த ‘டேக்ஃபர்ஸ்ட்’ என்ற பெயரிலேயே பாதி விடை இருந்தது. இத்தனை நேரம்தான் காத்திருப்பேன் என்று வரம்பு வைத்திருந்தால் அங்கே ‘போல்ஃபர்ஸ்ட்’ என்று இருக்கும், திரெட்டின் நிலையும் ‘டைம்டு வெயிட்டிங்’ என்று காட்டும். இங்கே வெறும் ‘வெயிட்டிங்’. வரம்பே இல்லை. உலகம் அழியும்வரை காத்திருப்பதாக அந்த 209 திரெட்டுகளும் முடிவு செய்திருந்தன. முன்னால் என்ஜின்எக்ஸ் சலித்துப்போய் வாடிக்கையாளரிடம் 504 சொல்லிவிட்டுப் போன பிறகும், உள்ளே திரெட் அது தெரியாமல் வரிசையில் நிற்கிறது. புக்கிங் ஆள் பொறுமையிழந்து மறுபடி பொத்தானை அழுத்துகிறார், இன்னொரு திரெட் வரிசையில் சேர்கிறது.

நின்றிருந்தபோதே போஸ்ட்கிரெஸ் பக்கமும் இளைஞரை ஒரு பார்வை பார்த்து வைக்கச் சொல்லியிருந்தேன். அங்கே ‘பிஜி_ஸ்டாட்_ஆக்டிவிட்டி’ என்ற அட்டவணையில் செயலியின் இணைப்புகள் தெரியும். எத்தனை? எட்டு. எட்டுமே ‘ஐடில்’, அதாவது ஒரு வேலையும் செய்யாமல் சும்மா. கடைசியாக வேலை செய்து சில இணைப்புகளுக்கு முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. இருநூறு பேர் வெளியே வரிசையில் நிற்க, எட்டு கவுன்டர்களும் திறந்து, ஊழியர்கள் சும்மா உட்கார்ந்திருக்கும் காட்சி.

“எட்டா? நான் நூறு போட்டிருக்கிறேனே” என்றார் இளைஞர்.

சர்வர் சொல்லிக்கொண்டேதான் இருந்தது

கேட்டலினா.அவுட் கோப்பு மலைபோல் பெருத்திருந்தது. டாம்கேட் அந்தக் கோப்பைத் தானாகச் சுழற்றிப் பிரிப்பதில்லை. போதாததற்குச் செயலி ஒவ்வொரு எல்.ஆருக்கும் பத்து வரி அச்சடிக்கும். அந்தக் குப்பைக்குள், டாம்கேட் ஒவ்வொரு முறை தொடங்கியபோதும் மூன்று எச்சரிக்கைகள் விழுந்திருந்தன. தமிழில் சொன்னால் இப்படி:

‘மேக்ஸ்ஆக்டிவ்’ என்ற பண்பு டிபிசிபி2-இல் பயன்படுவதில்லை. ‘மேக்ஸ்டோட்டல்’ என்பதைப் பயன்படுத்தவும். அதன் இயல்பு மதிப்பு 8. நீங்கள் கொடுத்திருக்கும் 60 புறக்கணிக்கப்படுகிறது.

‘மேக்ஸ்வெயிட்’ பயன்படுவதில்லை, ‘மேக்ஸ்வெயிட்மில்லிஸ்’ பயன்படுத்தவும், இயல்பு மதிப்பு -1 (அதாவது காத்திருப்புக்கு வரம்பில்லை).

‘ரிமூவ்அபாண்டன்ட்’ பயன்படுவதில்லை, அதற்குப் பதில் வந்த இரண்டு பண்புகளில் ஒன்றையோ இரண்டையுமோ பயன்படுத்தவும், இரண்டுக்கும் இயல்பு நிலை ‘இல்லை’.

திங்கட்கிழமையிலிருந்து எத்தனை முறை நிறுத்தி ஓடவிட்டார்களோ அத்தனை முறையும் அது இதைச் சொல்லியிருக்கிறது. இவ்வளவு தெளிவாக, மாற்றுப் பெயரும் இயல்பு மதிப்பும் சேர்த்துச் சொல்லும் எச்சரிக்கையை மென்பொருள் உலகில் நான் அதிகம் பார்த்ததில்லை. எழுதியவருக்கு ஒரு காபி வாங்கிக் கொடுக்க வேண்டும்.

பின்னணி இதுதான். டாம்கேட் தனக்குள் வைத்திருக்கும் இணைப்பு பூல், அப்பாச்சியின் டிபிசிபி என்ற நூலகம். டாம்கேட் 7 வரை அதன் முதல் தலைமுறை. டாம்கேட் 8 முதல் இரண்டாம் தலைமுறையான டிபிசிபி2. தலைமுறை மாறியபோது பண்புகளின் பெயர்களும் மாறின. பழைய பெயர் கிடைத்தால் டாம்கேட் ஓடாமல் நின்றுவிடுவதில்லை. எச்சரித்துவிட்டு இயல்பு மதிப்போடு போகிறது. நின்றிருந்தால் சனிக்கிழமை இரவே கண்டுபிடித்திருப்பார்கள் என்பது என் வருத்தம். இதில் இன்னொரு குழப்பம், டாம்கேட்டிலேயே ‘டாம்கேட் ஜேடிபிசி பூல்’ என்று வேறொரு பூலும் இருக்கிறது. தேவையென்றால் ‘ஃபேக்டரி’ பண்பில் பெயர் குறித்து அதைத் தேர்ந்தெடுக்கலாம். அது இன்றும் ‘மேக்ஸ்ஆக்டிவ்’ என்ற பெயரைத்தான் பயன்படுத்துகிறது. அதில் இயல்பு மதிப்பு 100. ஆகவே வழிகாட்டிகளில் பாதி ஒரு பெயரையும் மீதி இன்னொரு பெயரையும் சொல்லும், இரண்டும் சரியாகவே இருக்கும், எந்தப் பூல் என்பதைப் பொறுத்து.

இப்போது இளைஞரின் செவ்வாய் இரவுச் சோதனைக்கு வருவோம். அவர் மாற்றிய பெயர் செத்துப்போன பெயர். மாற்றிய இடமும் செத்த இடம். செயலிக்குள் ‘மெட்டா-இன்ஃப்’ கோப்புறையில் ஒரு கான்டெக்ஸ்ட் கோப்பு இருக்கிறது. ஆனால் டாம்கேட்டின் ‘கான்ஃப்’ கோப்புறைக்குள் ‘கேட்டலினா’, அதற்குள் ‘லோக்கல்ஹோஸ்ட்’ என்ற இடத்தில் செயலியின் பெயரில் ஒரு கோப்பு இருந்தால், டாம்கேட் அதைத்தான் எடுத்துக்கொள்ளும். செயலிக்குள் இருப்பதைத் திரும்பியும் பார்க்காது. பழைய சர்வரில் அப்படியொரு கோப்பு இருந்தது, கடவுச்சொல் அதில் இருந்ததால் சனிக்கிழமை அதையும் நகலெடுத்திருந்தார்கள். அதனால்தான் எச்சரிக்கையில் 100 என்று வராமல் 60 என்றே வந்துகொண்டிருந்தது. சரியான சந்தேகம், தவறான கோப்பு, தவறான பெயர். சோதனை தோற்றதும் சந்தேகமே தவறு என்றாகிவிட்டது. இவ்வளவு துல்லியமாக ஒருவர் வழிதவற முடியும் என்பது எனக்கு வியப்பாக இருந்தது. அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். கீழே தர்ஷினி உணவகத்தில் நின்றபடி ஆளுக்கொரு காபி குடித்துவிட்டு வந்தோம்.

எட்டு போதாதா என்ற கேள்வி

இந்த இடத்தில் பெயர்களை மாற்றி, எண்ணை 60 ஆக்கி, வீட்டுக்குப் போயிருக்கலாம். சில வாரம் ஓடியும் இருக்கும். என்னைத் தடுத்தது ஒரு சின்னக் கணக்கு.

இந்தச் செயலியின் சராசரிக் கேள்விக்குத் தரவுத்தளம் சில பத்து மில்லிவிநாடிகளில் பதில் சொல்லிவிடுகிறது. நாற்பத்தைந்து பேர் தட்டச்சு செய்யும் வேகத்துக்கு எட்டு இணைப்புகள் தாராளமாகப் போதும். தவிர, போதாமல் போயிருந்தால் எட்டும் மும்முரமாக இருந்திருக்க வேண்டும். எட்டும் சும்மா இருந்தன. பூலோ அவற்றைக் கொடுத்துவிட்டதாகக் கணக்கு வைத்திருக்கிறது. அப்படியானால் வாங்கியவர் திருப்பித் தரவில்லை. எங்கோ ஒழுகுகிறது.

அதனால் எண்ணை வேண்டுமென்றே சிறிதாக, 20 என்று வைத்தோம். காத்திருப்பு வரம்பு 10,000 மில்லிவிநாடி, அதாவது பத்து விநாடி. இணைப்பு கிடைக்கவில்லையென்றால் அதற்குள் பிழை வந்துவிட வேண்டும். ‘ரிமூவ்அபாண்டன்ட்ஆன்பாரோ’, அதாவது திருப்பித் தராத இணைப்பைப் பூலே பறித்துக்கொள்ளும் வசதி, ஆம். கைவிடப்பட்டதாகக் கருதும் நேரம் இயல்பான 300 விநாடி. ‘லாக்அபாண்டன்ட்’ ஆம்: பறிக்கப்படும் ஒவ்வொரு இணைப்பையும் இரவல் வாங்கியது எந்த வரி என்று அது லாகில், அதாவது பதிவுக் கோப்பில், எழுதும். திரெட் எண்ணிக்கையை 200-க்கும் என்ஜின்எக்ஸின் பொறுமையை 60-க்கும் திருப்பிக் கொண்டுவந்தோம். ஹீப்பை 4 ஜிபியிலேயே விட்டேன். அதனால் கெடுதல் இல்லை, முதலாளி புதிய நினைவகத்துக்குப் பணமும் கொடுத்துவிட்டார்.

அன்றிரவு நிற்கவில்லை. லாரிகள் போயின.

வியாழன் அதிகாலை 5 மணிக்கு என் வீட்டிலிருந்து பூலின் நிலையைப் பார்த்தேன். டாம்கேட் இதை ஜேஎம்எக்ஸ் என்ற கண்காணிப்பு வசதி வழியாகக் காட்டும். ஐந்து ஆபீஸ்களிலும் ஒருவரும் இல்லாத அந்த நேரத்தில் ‘நம்ஆக்டிவ்’ 7 என்றது. ஏழு இணைப்புகள் யாரிடமோ இரவலில் இருந்தன. யாரிடமும் இல்லை.

வியாழன் மாலை

இந்தப் பறிமுதல் நினைத்த நேரத்தில் நடப்பதில்லை. புதிதாக யாராவது இணைப்பு கேட்கும் நேரத்தில், சும்மா இருக்கும் இணைப்புகள் இரண்டுக்குக் குறைவாகவும், இரவலில் இருப்பவை உச்ச எண்ணிக்கையில் மூன்றைக் கழித்ததைவிட அதிகமாகவும் இருந்தால்தான் பூல் துடைப்பத்தை எடுக்கும். எங்களுக்கு அந்த எல்லை 17. பதினெட்டாவது இணைப்பு இரவலில் போனால் பெருக்கல் தொடங்கும்.

7.55-க்குத் தொடங்கியது. லாகில் 17 தடங்கள் அடுத்தடுத்து விழுந்தன. பதினாறு ஒரே இடத்தைக் காட்டின: இ-வே பில் எடுக்கும் வகுப்பு, ஒரே வரி.

அந்த வகுப்பைத் திறந்தால் பத்து நிமிடத்தில் புரிந்துவிட்டது. முதலில் இணைப்பு வாங்குகிறது. பிறகு அனுப்புநர், பெறுநர் இருவரின் ஜிஎஸ்டி எண்களையும் சரிபார்க்கிறது. எண் தவறு என்றால் ‘ரிட்டர்ன்’ என்று பாதியிலேயே வெளியேறிவிடுகிறது. இணைப்பை மூடும் வரி அதற்குக் கீழே இருக்கிறது. சரியான எண் கொடுத்தால் எல்லாம் ஒழுங்கு. தவறான எண் கொடுத்தால் ஓர் இணைப்பு காலி.

ஜிஎஸ்டி எண்ணில் பதினைந்து எழுத்துகள். முதல் இரண்டு மாநிலக் குறியீடு: கர்நாடகத்துக்கு 29, தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து, பான் எண். கசங்கிய பில்லைப் பார்த்துத் தட்டச்சு செய்யும்போது சுழிக்குப் பதில் ‘ஓ’ விழுவது மாலை நேரத்தில் சகஜம். புக்கிங் பதிவேட்டைப் பார்த்ததில் ஒரு நாளைக்கு இருபது இருபத்தைந்து நிராகரிப்புகள், பெரும்பாலும் மாலையில். எட்டு இணைப்புகள், எட்டுத் தவறுகள். ஒவ்வொரு முறை ஓடவிட்ட பிறகும் சுமார் ஒரு மணி நேரத்தில் நின்றதன் ரகசியம் அதுதான். ஞாயிற்றுக்கிழமை சோதித்தபோது இளைஞர் கவனமாக, சரியான எண்களையே கொடுத்திருந்தார்.

திருத்தம் சிறியது. ஜாவா 7-இலிருந்தே இருக்கும் ‘டிரை-வித்-ரிசோர்சஸ்’ அமைப்புக்குள் இணைப்பைப் போட்டுவிட்டால், எந்த வழியாக வெளியேறினாலும் அது மூடப்படும். அந்த வகுப்பில் மட்டுமின்றி, ‘கெட்கனெக்‌ஷன்’ வரும் எல்லா இடங்களையும் தேடி மாற்றச் சொன்னேன். முப்பத்தொன்று இருந்தன. எண்ணைக் கடைசியில் 40-இல் நிறுத்தினோம். போஸ்ட்கிரெஸின் இயல்பு உச்சவரம்பு 100 இணைப்புகள். காப்புப் பிரதி எடுக்கும் வேலைக்கும், யாராவது நேரடியாக நுழைந்து பார்ப்பதற்கும் அதில் இடம் வேண்டும்.

பதினேழாவது தடம்

பதினாறு தடங்கள் ஒரே இடத்தைக் காட்டின என்றேன். மீதி ஒன்று வேறு. அது பாக்கி வசூல் மொத்த அறிக்கையைக் காட்டியது. லாகில் அது விழுந்த அதே நேரத்தில் உள்ளறையிலிருந்து கணக்குப்பிள்ளையின் குரல் கேட்டது. “பாருங்கள் தம்பி, அறிக்கை பாதியில் போய்விட்டது!”

அந்த அறிக்கை ஒரே ஒரு நீண்ட கேள்வி. எல்லாக் கிளைகளின் பாக்கியையும் கூட்ட இருபது நிமிடம் எடுக்கும். ஒரு கேள்வி தொடங்கும்போது பூல் நேரத்தைக் குறித்துக்கொள்கிறது. அது முடியும்வரை குறிப்பு மாறுவதில்லை. ஐந்து நிமிடம் தாண்டியதும் அந்த இணைப்பு பூலின் கண்ணுக்கு அநாதை. துடைப்பம் வந்தபோது ஒழுகிய பதினாறோடு, உழைத்துக்கொண்டிருந்த இதையும் சேர்த்துப் பெருக்கிவிட்டது. திரையில் போஸ்ட்கிரெஸுடன் தொடர்பு அறுந்ததாக ஒரு பிழை.

மன்னிப்புக் கேட்கப் போனேன். அவருக்குக் கோபமே இல்லை. “இது புதிதில்லை. பழைய மெஷினிலும் வருடத்தில் இரண்டு மூன்று முறை இப்படி ஆகும். சாயங்காலம் எடுத்தால்தான் ஆகும். காலையில் எடுத்தால் ஒருநாளும் ஆனதில்லை” என்றார்.

அப்போதுதான் பழைய சர்வரின் கணக்கை எனக்குப் போட்டுப் பார்க்கத் தோன்றியது. அங்கே உச்சம் 60, எல்லை 57. நாளொன்றுக்கு இருபது இருபத்தைந்து இணைப்புகள் ஒழுகினால் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை எல்லை தாண்டும். ‘ரிமூவ்அபாண்டன்ட்’ அங்கே உயிரோடு இருந்ததால் ஒழுகியதையெல்லாம் சத்தமில்லாமல் பெருக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். லாகில் எழுதச் சொல்லாததால் யாருக்கும் தெரியாது. இந்த ஒழுகல் பல ஆண்டுகளாக இருந்திருக்கிறது. புதிய டாம்கேட் அதை உண்டாக்கவில்லை, மூடி வைத்திருந்த பாயை எடுத்துவிட்டது, அவ்வளவுதான். தவறான எண்கள் மாலையில் விழுவதால் எல்லை தாண்டுவதும் மாலையில். வாரத்துக்கு இரண்டு மூன்று முறை எடுக்கும் அறிக்கை, அந்த நேரத்தில் ஐந்து நிமிடத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருந்தால் அதுவும் போகும்.

இதை அவருக்கு விளக்கினேன். துடைப்பம், அநாதை, ஐந்து நிமிடம் எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். எனக்கே நன்றாக விளக்கிவிட்டோம் என்று தோன்றியது.

“அதைத்தானே தம்பி என் அம்மா சொல்வார், விளக்கு வைத்த பிறகு பாக்கிக் கணக்கை எடுக்காதே என்று” என்றார்.

ஒழுகலை அடைத்த பிறகு பறிமுதலையே நிறுத்திவிட்டோம். அறிக்கையின் கேள்விக்கு ஓர் இண்டெக்ஸ் போட்டதில் இருபது நிமிடம் ஒரு நிமிடத்துக்குள் வந்தது. எந்த நேரத்திலும் எடுக்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். போன மாதம் பேசியபோது, காலை ஒன்பது மணிக்கு எடுத்ததாகச் சொன்னார்.